ஆர் அறைஞ்சது?

வெள்ளிக்கிழமை காலை கிணற்றடியில் வாய் கொப்பளித்துக்கொண்டு நின்ற நிரோஜாவுக்குத் தண்ணீர் வாய்க்குள் நிற்கவில்லை. இடப்பக்கக் கடைவாயால் வழிந்து சட்டையை நனைத்தது. நிமிர்ந்தபோது பிள்ளையின் வாய் வலப்பக்கமாகக் கோணிப்போயிருந்தது. இடது கண் மூடமாட்டேன் என்று திறந்தபடி நின்றது. வேறொரு தாய் என்றால் "என்னம்மா செய்யுது?" என்று கேட்டிருப்பாள். என் தம்பியின் பெண்சாதி உதயகலா கேட்ட முதல் கேள்வி, "ஆர் அறைஞ்சது?"

வேலிக்கு இந்தப் பக்கம் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டு நின்ற எனக்கு அது தெளிவாகக் கேட்டது. உதயகலாவின் குரல் அப்படி. அவள் குசினிக்குள் நின்று உப்பு முடிந்துவிட்டது என்று சொன்னால் சந்தியில் இருக்கிற கடைக்காரன் உப்பை எடுத்து வைப்பான். நான் வாளியை வைத்துவிட்டு ஓடினேன்.

ஓடினேன் என்றாலும் சுற்றித்தான் போகவேண்டும். அப்பா விட்டுப்போன வளவை எனக்கும் தம்பி கேதீஸ்வரனுக்குமாகப் பிரித்தபோது நடுவே ஆள் நுழைந்து போகப் பொட்டு ஒன்று விட்டுத்தான் வேலி அடைத்தோம். அடுத்த மாதமே உதயகலா அந்தப் பொட்டைக் கிடுகு வைத்து அடைத்துவிட்டாள். என் கோழிகள் அவளுடைய கீரையைத் தின்னுகிறதாம். உண்மை அதில்லை. நான் எட்டிப் பார்க்கிறேன் என்று அவளுக்குச் சந்தேகம். அவளுக்கு யாரில்தான் சந்தேகம் இல்லை? நான் கொண்டுபோய் ஊற்றுகிற பாலை என் கண் முன்னாலேயே ஒரு சொட்டு நகத்தில் விட்டுப் பார்ப்பாள், தண்ணீர் கலந்து வழுகி ஓடுகிறதா நிற்கிறதா என்று. சொந்த மச்சாளின் பாலை!

சரி, நான் மட்டும் என்ன குறைந்தவளா? எனக்கும் அவளில் ஒரு சந்தேகம் இருந்தது. நிரோஜா சின்னப்பிள்ளையாக ஓடித்திரிந்தபோது என் மடியில் வந்து படுப்பாள். பிறகு பிறகு தாய் அவளை என் பக்கம் விடுவதில்லை. தலைமயிரை இரண்டு காதையும் மூடி இழுத்துப் பின்னிவிடுவாள். பள்ளிக்கூடம் போனாலும் கோயிலுக்குப் போனாலும் பிள்ளையில் வாசனைப் பவுடர் மணம் மூக்கைத் துளைக்கும். பத்து வயதுப் பெட்டைக்கு ஏன் இவ்வளவு பவுடர்? ஒருநாள் தாய் வெற்றிலை வாங்கிவர அனுப்பியிருந்தபோது பிள்ளையைப் பிடித்துக் காதுப்பக்கம் முகர்ந்து பார்த்தேன். பவுடருக்கு அடியில் அழுகல் நாற்றம். காதுக்குள் பஞ்சு அடைத்திருந்தது. காது ஒழுகுகிறது.

"காது ஒழுகுதோ மச்சாள்?" என்று நான் சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"ஆர் சொன்னது? தடிமன் சளிக்குப் பஞ்சு வைச்சனான். இதை ஊரெல்லாம் பால் ஊத்துற இடத்திலை சொல்லிக்கொண்டு திரியாதேங்கோ. பொம்பிளைப் பிள்ளை" என்றாள் உதயகலா. எனக்கு ஆத்திரம் வந்தது. பிறகு நான் அதைப்பற்றிக் கதைக்கவில்லை.

அவள் உள்ளிப்பூடு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் விட்டாள், ஏதோ இலைச்சாறு விட்டாள், கடைசியில் படிகாரத்தை வறுத்து மஞ்சளோடு பொடித்துக் காதுக்குள் ஊதினாள். இந்த ஆவணியில் இடது காது ஒழுகுவது நின்றுவிட்டது. பஞ்சு எடுத்துப் பார்த்தால் காய்ந்திருந்தது. உதயகலா யாருக்கும் காரணம் சொல்லாமல் வைரவர் கோயிலுக்கு வடைமாலை சாத்தினாள். எனக்குத் தெரியும் ஏன் என்று. அவளுடைய எண்ணத்தில் காது என்கிற கதை அன்றோடு முடிந்துவிட்டது.

ஆகவே வெள்ளிக்கிழமை காலை பிள்ளையின் வாய் கோணியபோது காது அவளுடைய நினைவிலேயே இல்லை. நான் சுற்றிப் போய்ச் சேரும்போது பிள்ளையை முற்றத்துக் கதிரையில் இருத்தி விசாரணை நடந்துகொண்டிருந்தது. நிரோஜாவின் இடது காதுக்குப் பின்னால் சிவந்து வீங்கியிருந்தது. அந்தக் காது மற்றக் காதைவிட முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நின்றது. தோடு ஒருபக்கம் சரிந்து தொங்கியது.

"பாருங்கோ மச்சாள், கைபட்ட தடம்" என்றாள் உதயகலா. "இடக்கன்னம். முன்னுக்கு நிண்டு வலக்கையாலை அறைஞ்சால் எங்கை படும்? இடக்கன்னத்திலைதானே படும்?" தன் கையையே ஓங்கிக் காட்டினாள். பிள்ளை பயந்து தலையைப் பின்னுக்கு இழுத்தது. "லெனாட் சேர்தானே அடிச்சவர்? சொல்லு பிள்ளை. லெனாட் சேரோ?"

நிரோஜா தாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோணிய வாயோடு மெதுவாகச் சொன்னாள், "ஓம்."

லெனாட் எங்கள் ஊரில் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ரியூசன் நடத்துகிறவர். தகரக் கொட்டில், அதற்குள் பிள்ளைகள் இருக்க வாங்குகள், கரும்பலகை, அவ்வளவுதான். எனக்கும் அவரைத் தெரியும், காலையில் அவருடைய வீட்டுக்கும் பால் ஊற்றுகிறேன். சத்தம் போடாத மனிதர். ஆனால் சத்தம் போடாத மனிதர்களில்தான் எங்களுடைய சனத்துக்குச் சந்தேகம் கூட. அதோடு உதயகலாவுக்கும் அவருக்கும் பங்குனியில் ஒரு பிணக்கு நடந்திருந்தது. நிரோஜாவை அவர் முன்வாங்கின் ஓரத்தில் தனியே இருத்தினார். உதயகலா போய்ச் சண்டை பிடித்தபோது அவர் சொன்னாராம், "பிள்ளைக்குக் கேக்கிறது குறைவு போலை கிடக்கு. ஒருக்கா காது டொக்டரிட்டைக் காட்டுங்கோவன்."

"என்ரை பிள்ளை செவிடோ?" என்று இவள் கொட்டில் தகரம் அதிரக் கேட்டிருக்கிறாள். "நான் கூப்பிட்டால் அடுத்த நிமிசம் வந்து நிப்பாள்." நிற்பாள்தான். உதயகலா கூப்பிட்டால் செத்தவனும் வந்து நிற்பானே. அந்தக் குரலாலேயே பிள்ளைக்குக் கேட்காதது தாய்க்குத் தெரியாமல் போனது. லெனாட் தன் வகுப்பிலிருந்து பிள்ளையைக் கழற்றப் பார்க்கிறார், கேட்கவில்லை என்று பெயர் கட்டி ஒதுக்குகிறார் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

எங்களுக்கெல்லாம் நிரோஜா என்றால் மறுத்துக் கதைக்காத பிள்ளை. "சாப்பிட்டியோ?" ஓம். "படிச்சியோ?" ஓம். "மாமியோடை வாறியோ?" ஓம். சிரித்துக்கொண்டே சொல்லும். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று நாங்கள் மெச்சினோம். மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு உதாரணம் காட்டினோம்.

கேதீஸ்வரன் தோட்டத்திலிருந்து மண்வெட்டியோடு வந்தான். விசயம் கேட்டதும் மண்வெட்டியைக் கீழே வைக்காமலே லெனாட்டின் வீட்டுக்குப் புறப்பட்டான். நானும் உதயகலாவும் பிள்ளையை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினோம். ஒழுங்கையில் நின்ற சனமும் வந்தது.

லெனாட் சாரம் கட்டியபடி வாசல் படலைக்கு வந்தார். தம்பியின் கையில் இருந்த மண்வெட்டியைப் பார்த்துவிட்டும் பின்வாங்கவில்லை. "நான் பிள்ளையைத் தொட்டதே இல்லைத் தம்பி. நேற்றுப் பிள்ளை தலையிடி எண்டு வாங்கிலை படுத்துக் கிடந்தது. வேளைக்கு வீட்டை போ எண்டு அனுப்பினன். நம்பாட்டில் பிள்ளையையே கேளுங்கோ."

எவ்வளவு நம்பிக்கையாகச் சொன்னார்! எல்லோரும் பிள்ளையைச் சுற்றி நின்றோம். சனத்தின் இரைச்சலுக்குள் கேதீஸ்வரன் குனிந்து கேட்டான், "சேர் உனக்கு அடிச்சவரோ?"

"ஓம்" என்றாள் நிரோஜா.

லெனாட்டின் முகத்தை நான் பார்த்தேன். அந்த முகத்தில் கோபம் இருந்தால் நான் நம்பியிருப்பேன், அடித்தவன்தான் என்று. அவர் பிள்ளையை உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "முதல் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. என்னைப் பிறகு பாருங்கோ" என்றார்.

அது வேலை செய்யவில்லை, நேர்மாறாகத்தான் வேலை செய்தது. "பாத்தியளே?" என்றாள் உதயகலா வீட்டுக்கு வந்ததும். "ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுறான்? மருந்து போட்டால் வீக்கம் வத்திடும், தடம் மறைஞ்சிடும். பிறகு என்னத்தைக் காட்டி வழக்கு வைக்கிறது? பொலிஸிலை காட்டிப்போட்டுத்தான் மருந்து." பொலிஸுக்கும் உடனே போக முடியாதாம். அங்கே நிற்கிற பெடியன் ஒருவன் லெனாட்டிடம் படித்தவனாம், அவன் கேஸை மூடிவிடுவானாம். திங்கட்கிழமை உதயகலாவின் சொந்தக்காரப் பொலிஸ்காரன் ஒருவன் லீவு முடிந்து வருகிறான், அவன் வந்த பிறகு போகலாம். அதுவரை வீங்கிய இடத்தை ஒருவரும் தொடக்கூடாது. ஈரத்துணிகூட வைக்கவிடவில்லை. போனில் மட்டும் முன்னால், பின்னால், பக்கத்தால் என்று படம் எடுத்து வைத்தாள்.

நான் ஏன் அன்றைக்கே சத்தம் போடவில்லை என்று கேட்பீர்கள். எனக்கு வேறு ஒரு பயம். லெனாட் அடிக்கவில்லை என்று என் மனம் சொன்னது. அப்படியென்றால் யார் அடித்தது? என் தம்பி கை நீட்டுகிறவன். சின்னவயதில் கோபம் வந்தால் மாட்டையும் அடிப்பான், மதிலையும் அடிப்பான். வியாழக்கிழமை பின்னேரம் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாற்றிவிடவில்லை என்று அவன் பிள்ளையைக் கூப்பிட்டு ஏசியதும் எனக்குக் கேட்டது. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தான், பிள்ளை திரும்பியே பார்க்கவில்லை. அவன் கோபத்தோடு அவளிடம் போனதை வேலிக்கு மேலால் கண்டேன். அதற்குப் பிறகு நடந்ததை நான் காணவில்லை.

சனிக்கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல் காய்ந்தது. உதயகலா குசினிக்குள் நின்ற நேரம் பார்த்து நான் நிரோஜாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். யாருக்கும் கேட்கக்கூடாது என்று காதோடு வாயை வைத்துக் கிசுகிசுத்தேன், "கொப்பரோ பிள்ளை அடிச்சவர்?"

"ஓம்."

என் தம்பி. பெற்ற பிள்ளையை வாய் கோண அறைந்துவிட்டு, மண்வெட்டி தூக்கிக்கொண்டு அடுத்தவன் வீட்டுக்குப் போயிருக்கிறான். இதை யாரிடம் சொல்வது? பொலிஸ் வந்தால் அவன்தான் உள்ளே போவான். நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் தம்பி பிள்ளைக்குக் கஞ்சி பருக்குவதைக் கிடுகுப் பொத்தலால் பார்த்தேன். நடிக்கிறான், எவ்வளவு நடிப்பு என்று நினைத்தேன். ஒரு பக்கம் பருக்க மறுபக்கத்தால் கஞ்சி வழிந்தது. அவன் சால்வையால் துடைத்துவிட்டுத் திரும்பவும் பருக்கினான்.

ஞாயிறு விடியப் பிள்ளை குடித்த கஞ்சியைச் சத்தி எடுத்தது. எழும்பி நடக்க விட்டால் ஒரு பக்கமாகச் சரிந்துபோய்ச் சுவரில் முட்டியது. உதயகலாவின் சந்தேகம் இப்போது இடம் மாறியது. லெனாட்டின் கொட்டிலுக்குப் போகிற வழியில் ஒற்றைப் பனை நிற்கிறது, அதில் முனி இருக்கிறது என்று சனம் கதைக்கும். வாய் கோணினால் முனி அறைந்தது என்பதுதானே எங்கள் ஊர் வழக்கம். அடித்தது லெனாட், ஆனால் லெனாட்டின் கைக்குள் முனி புகுந்திருக்கிறது என்கிற அளவுக்கு அவள் போய்விட்டாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வைரவர் கோயிலுக்குப் போனார்கள். நானும் போனேன். என் கண் தம்பியின் மேலேயே இருந்தது.

பூசாரி முருகேசு அண்ணை வேப்பிலைக் கொத்தோடு வந்து பிள்ளையை முன்னால் இருத்தினார். விபூதி போட்டார். கோயிலில் அப்போதுதான் மணி அடித்து முடிந்திருந்தது. பக்கத்தில் யாரோ தேங்காய் உடைத்தார்கள். முருகேசு அண்ணை கண்ணை மூடியபடி முணுமுணுப்பாகக் கேட்டார், "பனையடியிலையோ பிடிச்சது? முனியோ அறைஞ்சது?"

நிரோஜா கண்ணைத் திறக்காமல் சொன்னாள், "ஓம்."

உதயகலா தலையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். கேதீஸ்வரன் கைகூப்பினான். எனக்கோ தலைக்குள் ஏதோ இடறியது. தாய் கேட்டால் லெனாட். நான் கேட்டால் தகப்பன். பூசாரி கேட்டால் முனி. மூன்று பேரும் சேர்ந்து வரிசையில் நின்றா இந்தப் பிள்ளையை அறைந்தார்கள்?

"கொஞ்சம் பொறுங்கோ" என்று நான் பிள்ளைக்கு முன்னால் குந்தினேன். "நிரோஜா, மாமியோ உனக்கு அடிச்சனான்?"

"ஓம்."

"இந்த வைரவரோ அடிச்சவர்?"

"ஓம்."

"என்ன விசர்க் கதை கதைக்கிறியள் மச்சாள்?" என்று உதயகலா கத்தினாள். நான் கையைக் காட்டி அவளை அடக்கினேன். சேலைத் தலைப்பை எடுத்து என் வாயை மூடிக்கொண்டேன். சாதாரணக் குரலில், வீட்டில் இருந்து கதைக்கிற மாதிரிக் கேட்டேன், "உன்ரை பேர் என்ன பிள்ளை?"

நிரோஜா என் வாய் இருந்த இடத்தைத் தேடினாள். சேலைதான் இருந்தது. கண்ணில் ஒரு தவிப்பு வந்தது. பிறகு அவள் எப்போதும் சிரிக்கிற அந்தச் சிரிப்பைக் கோணிய வாயால் சிரித்தாள்.

"ஓம் மாமி" என்றாள்.

இவ்வளவு காலமும் நாங்கள் கேட்ட எந்தக் கேள்வி அவளுக்குக் கேட்டது, எது கேட்கவில்லை என்று யாருக்குத் தெரியும்? ஓம் என்று சொன்னால் பெரியவர்கள் திருப்தியாகிப் போய்விடுவார்கள் என்பதை மட்டும் அந்தப் பிள்ளை நன்றாகப் படித்து வைத்திருந்தது. அதை நாங்கள்தான் படிப்பித்தோம்.

"நேற்று நான் கேட்டனான், நீ அடிச்சனியோ எண்டு. அதுக்கும் ஓம் எண்டுதான் சொன்னவள்" என்று தம்பியிடம் சொன்னேன்.

கேதீஸ்வரன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "அக்கா, நீ என்னைச் சந்தேகப்பட்டனியோ?"

"ஓமடா. பட்டனான். இப்ப அதுக்கு நேரமில்லை, போய் ஓட்டோ பிடி."

அவன் ஓடினான். உதயகலா பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "திங்கட்கிழமை பொலிஸுக்கு..." என்று தொடங்கினாள். முருகேசு அண்ணை வேப்பிலையைக் கீழே போட்டுவிட்டு, "காய்ச்சல் அனலாக் கொதிக்குது பிள்ளை. இது என்ரை கையிலை இல்லை. கொண்டு போ" என்றார். அவள் எழுந்துவிட்டாள்.

யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் வந்த பெண் டொக்டர் காதைத் தொட்டதும் நிரோஜா துடித்தாள். டொக்டர் கேட்டார், "காதிலை சீழ் வாறதோ? எவ்வளவு காலமா?"

உதயகலா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். நான் சொல்லிவிடுவேனோ என்கிற சந்தேகம், நான் சொல்லவேண்டும் என்கிற கெஞ்சல், இரண்டும் அதில் இருந்தன. வாய் மட்டும், "காதிலை ஒண்டுமில்லை டொக்டர். அது சுகம்" என்றது.

"ஒழுகினது டொக்டர்" என்றேன் நான். "கன காலமா இரண்டு காதும் ஒழுகினது. நாத்தம் அடிச்சது. ஆவணியிலை இடது காது நிண்டிட்டுது."

"என்ன போட்டனீங்கள் நிக்கிறதுக்கு?"

உதயகலா தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். எண்ணெய், சாறு, படிகாரப் பொடி. அவ்வளவு மெதுவாக அவள் கதைத்து நான் கேட்டதில்லை.

டொக்டர் சிறிய கருவியால் காதுக்குள் உறிஞ்சி எடுத்தார். பழைய நாற்றம் அறை முழுக்கப் பரவியது. ஸ்கான் எடுத்தார்கள். பிறகு எங்களைக் கூப்பிட்டு இருத்தி, தன் காதுக்குப் பின்னால் விரல் வைத்துக் காட்டிச் சொன்னார். "இந்த எலும்பு உள்ளுக்குக் கோறை, பொந்து பொந்தா இருக்கும். நடுக்காதிலை நெடுக சீழ் இருந்தால், வளரக் கூடாத இடத்திலை தோல் வளர்ந்து எலும்பை அரிக்கும். உங்கடை பிள்ளைக்கு அரிச்சிட்டுது. காது காயேல்லை அம்மா. வாசல் அடைபட்டது. வெளியிலை வர வழியில்லாமல் சீழ் பின்பக்கத்தாலை வழி தேடியிருக்கு. முகத்துக்குப் போற நரம்பு அதுக்குள்ளாலைதான் போகுது. அதுதான் வாய் கோணினது. மூளைக்கும் இதுக்கும் நடுவிலை மெல்லிய தகடு மாதிரி எலும்புதான் மிச்சம். இண்டைக்கே ஒப்பரேசன் செய்யவேணும்."

"அப்ப ஆரும் அடிக்கேல்லையோ?" என்று கேட்டாள் உதயகலா.

"ஒருத்தரும் அடிக்கேல்லை" என்றார் டொக்டர்.

நான் நினைத்தேன் அவள் ஆறுதலடைவாள் என்று. இல்லை. யாராவது அடித்திருந்தால் அவளுக்கு நல்லாயிருந்திருக்கும். சண்டை பிடிக்க ஓர் ஆள் கிடைத்திருக்கும். வாங்கில் இருந்து தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டு, "நான்தானே மச்சாள் காயவைச்சனான். நான்தானே வடைமாலை சாத்தினனான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளில் எனக்கு எத்தனையோ கோபம் இருந்தது. அந்த நேரம் ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கையை இழுக்கவில்லை.

ஒப்பரேசன் முடிந்து டொக்டர் வந்தபோது முகமூடியைக் கழற்றுவதற்குள் கேதீஸ்வரன் மூன்று தரம் "டொக்டர்" என்றுவிட்டான். உயிருக்குப் பயமில்லை. அரித்த எலும்பையும் நோயையும் எடுத்துவிட்டார்கள். இடது காதில் கேட்கிறது இனி வராது. வலது காதும் குறைவுதான், ஆனால் மருந்தோடும் காதுக் கருவியோடும் சமாளிக்கலாம். வாய் மெல்ல மெல்ல நிமிரும், முழுக்க நிமிருமோ என்று பொறுத்துத்தான் பார்க்கவேண்டும். "இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால் நான் இப்பிடி வந்து கதைச்சிருக்கமாட்டன்" என்றார். திங்கட்கிழமை என்கிற சொல் எங்கள் மூன்று பேரின் மனத்திலும் ஓடியது.

கேதீஸ்வரன் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே லெனாட்டின் வீட்டுக்குத்தான் போனான். அதற்குள் ரியூசனில் பாதி வாங்குகள் வெறுமையாகிவிட்டன. பிள்ளைகளை அறைந்து வாய் கோணப்பண்ணுகிறவரிடம் யார் பிள்ளையை விடுவார்கள்? தம்பி படலைக்கு வெளியே நின்று மன்னிப்புக் கேட்டானாம். லெனாட் உள்ளே வரச் சொல்லவில்லை. "எனக்குச் சொல்லி என்ன பிரயோசனம்? எனக்கு முதலே தெரியும் நான் அடிக்கேல்லை எண்டு. அண்டைக்கு உங்கடை பின்னாலை வந்த சனத்துக்குப் போய்ச் சொல்லுங்கோ" என்றாராம். நியாயம்தானே. கேதீஸ்வரன் வீடு வீடாகப் போனான். சிலர் நம்பினார்கள். சிலர், லெனாட் ஏதோ கொடுத்து இவனுடைய வாயை அடைத்துவிட்டார் என்று கதைத்தார்கள். எங்களுடைய சனம்!

நான் வழமைபோல் காலையில் லெனாட்டின் வீட்டுக்குப் பால் கொண்டுபோனேன். அவர் செம்பை நீட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தபடி நின்றார். நான் திரும்பி நடக்கும்போது கூப்பிட்டார். "அக்கா, பிள்ளையை வாங்கிலை எந்தப் பக்கம் இருத்தவேணும் எண்டு டொக்டரைக் கேட்டுச் சொல்லுங்கோ." அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. செம்போடு நின்ற மனிதருக்கு முன்னால் அழுவது வெட்கமாக இருந்ததால் மாட்டைப் பார்க்கப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆஸ்பத்திரி வாட்டில் நிரோஜா தலையைச் சுற்றிக் கட்டுப்போட்டபடி இருந்தாள். இடக்கண் இப்போது பாதி மூடியது. டொக்டர் எங்களுக்கு ஒரு வேலை தந்திருந்தார். பிள்ளைக்கு முன்னால் நின்று, முகம் தெரியக் கதைக்கவேண்டும். கேட்காவிட்டால் கேட்கவில்லை என்று சொல்லப் பழக்கவேண்டும். ஓம் என்று சொன்னால் உடனே விட்டுவிடாமல், என்ன கேட்டேன் சொல்லு பார்ப்போம் என்று திருப்பிக் கேட்கவேண்டும். முதல் நாள் பிள்ளை குழம்பிவிட்டது. கேட்கவில்லை என்று சொன்னால் ஏச்சு விழும் என்று எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது. நானும் தம்பியும் கைதட்டினோம், அவள் "கேக்கேல்லை" என்று சொல்லுகிற ஒவ்வொரு தரமும். பக்கத்துக் கட்டில் சனத்துக்கு எங்களை விசர்க்குடும்பம் என்று பட்டிருக்கும்.

வீட்டுக்கு விடுவதற்கு முதல் நாள் நான் பால் கொண்டுபோனேன். உதயகலா போத்தலை வாங்கினாள். நகத்தில் விட்டுப் பார்க்கவில்லை. கப்பில் ஊற்றிப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, கட்டிலின் இடப்பக்கத்தில் இருந்தாள். அழுது அழுது அவளுடைய குரல் கட்டிப்போயிருந்தது. அந்தக் கட்டிய குரலில் ஏதோ கேட்டாள். எனக்கே விளங்கவில்லை.

நிரோஜா திரும்பிப் பார்த்தாள். "கேக்கேல்லை அம்மா. இந்தப் பக்கம் வாங்கோ" என்று வலப்பக்கத்தைத் தட்டிக் காட்டினாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. உதயகலா எழுந்து கட்டிலைச் சுற்றி வந்தாள். பிள்ளைக்கு நேரே இருந்து, முகத்தில் விழுந்த மயிரை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

"உனக்கு அம்மாவிலை கோவமோ?"

நிரோஜா கப்பை மடியில் வைத்தாள். தாயின் வாயைப் பார்த்தாள், பிறகு கண்ணைப் பார்த்தாள். பழக்கத்துச் சிரிப்பு வரவில்லை.

"ஓம்" என்றாள்.

என்ன கேட்டேன் சொல்லு பார்ப்போம் என்று உதயகலா திருப்பிக் கேட்கவில்லை.